சாவில் சமம், வாழ்வில்?

நுழையும்முன்

ஆண்டியும் அரசனும் ஒருநாள் மடிவர் என்பதை எல்லாச் சமயங்களும் சொல்லிவந்துள்ளன. அதைச் சொன்னவர்களை அரசுகள் பெரும்பாலும் தடுத்ததில்லை. இறந்தபின் கிடைக்கும் சமத்துவத்தை வாழும்போதே கேட்டவர்களுக்குத்தான் வாளும் துப்பாக்கியும் விடையாக வந்தன. ஐரோப்பிய ஓவியர்கள் இவ்விரு சமத்துவங்களையும் வரைந்துள்ளனர். கொல்லப்பட்ட கிளர்ச்சியாளர் ஒருவரின் உடலை ஓவியர் எவ்வாறு காட்டுகிறார், எதைக் காட்டாமல் விடுகிறார் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சாவின் கூத்து

1347ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த கொள்ளைநோய், சில ஆண்டுகளுக்குள் அக்கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொன்றது. புதைப்பதற்கு ஆளின்றிப் பிணங்கள் குழிகளில் குவிக்கப்பட்டன. அதன்பின்னும் நோய் ஓயவில்லை. தலைமுறைக்கு ஒருமுறையோ இருமுறையோ திரும்பிவந்தது. இந்த அச்சத்தினூடே வளர்ந்ததுதான் ‘சாவின் கூத்து’ என்னும் ஓவிய மரபு.

பாரிசு நகரின் நடுவே இருந்த ‘மாசற்ற சிறார்’ கல்லறைத் தோட்டத்தின் சுவரில் 1424-25ஆம் ஆண்டுகளில் ஒரு நீண்ட ஓவியம் தீட்டப்பட்டது. போப்பாண்டவர், பேரரசர், கர்தினால், அரசர் என்று தொடங்கி வணிகர், உழவர், தொட்டில் குழந்தை வரை ஒவ்வொருவரையும் ஒரு பிணம் கைபிடித்து ஆட்டத்திற்கு இழுத்துச் செல்கிறது. உயிருள்ளவர்கள் தயங்கித் தலைகுனிந்து நிற்கிறார்கள். பிணங்களோ துள்ளி ஆடுகின்றன. படங்களின் கீழே பிணமும் மனிதரும் பேசிக்கொள்ளும் பாக்கள் எழுதப்பட்டிருந்தன. 1669ஆம் ஆண்டு தெருவை அகலப்படுத்துவதற்காக அச்சுவர் இடிக்கப்பட்டது. எனினும், கீயோ மார்ஷாங் என்னும் அச்சகத்தார் 1485ஆம் ஆண்டு வெளியிட்ட படநூலின் வழியே அதன் அமைப்பை இன்று ஓரளவு அறிய முடிகிறது.

அந்தப் படநூலைக் கூர்ந்து நோக்குவோருக்கு ஒரு முரண் தென்படும். சாவின் முன் அனைவரும் சமம் என்பதே ஓவியத்தின் செய்தி. ஆனால், மனிதர்கள் நிற்கும் வரிசையோ அவரவர் தகுதிநிலையை அணுவளவும் மீறவில்லை. சமயத் தலைவர் ஒருவர், உலகியல் தலைவர் ஒருவர் என மாறி மாறி, மேலிருந்து கீழாகவே அது செல்கிறது. உழவரின் முறை கடைசிப் பகுதியில்தான் வருகிறது. சமத்துவத்தைப் பாடும் ஓவியமே பந்தியில் யாரை எங்கே அமர்த்துவது என்பதை மறக்கவில்லை. இச்சமத்துவம் எவருடைய அரியணையையும் அசைக்கவில்லை. அதனால்தான் கல்லறைச் சுவரில் அது இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இடையூறின்றி இருக்க முடிந்தது போலும்.

இம்மரபை அடியோடு மாற்றியவர் ஹான்ஸ் ஹோல்பைன். 1520களின் நடுவில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வாழ்ந்தபோது, சாவைப் பற்றிய படவரிசை ஒன்றை அவர் வரைந்தார். ஹான்ஸ் லுட்செல்பர்கர் என்னும் கைவினைஞர் அவற்றை மரக்கட்டைகளில் செதுக்கினார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இப்படங்களில் 41, 1538ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் நூலாக வெளிவந்தன. செதுக்கிய கைவினைஞர் அந்நூலைக் காணவில்லை. அவர் 1526ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

ஹோல்பைனின் படங்களில் ஊர்வலமோ ஆட்டமோ இல்லை. சாவு ஒவ்வொருவரையும் அவரவர் தொழில் செய்யும் இடத்திலேயே தேடி வருகிறது. நீதிபதி, செல்வரிடம் பணம் பெறக் கை நீட்டுகிறார். ஏழை ஒருவர் பக்கத்தில் காத்து நிற்கிறார். அப்போது நீதிபதியின் கோலைப் பின்னாலிருந்து சாவு பிடுங்குகிறது. அரசர் விருந்துண்ணும் மேசையில் சாவே பரிமாறுகிறது. உழவரின் படம் மட்டும் வேறு வகையானது. கந்தல் உடுத்த முதியவர் ஒருவர் ஏர் பிடித்து நடக்கிறார். சாவு குதிரைகளின் பக்கமாக ஓடி, அவற்றை விரட்டி, உழவை விரைந்து முடிக்க உதவுகிறது. தொலைவில் தேவாலயக் கோபுரத்திற்குப் பின்னே கதிரவன் மறைகிறான். நீதிபதிக்குத் தண்டனையாக வந்த அதே சாவு, உழவருக்கு ஓய்வாக வருகிறது. எல்லோருக்கும் பொதுவான சாவு, எல்லோருக்கும் ஒரே பொருளுடையதன்று என்னும் கருத்து ஓவியத்திற்குள் இவ்வாறு நுழைந்தது.

உழவருக்கு ஒரு தூண்

ஹோல்பைன் இப்படங்களை வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே, பாசலுக்கு வடக்கிலிருந்த செருமானிய நிலப்பகுதிகளில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். 1525ஆம் ஆண்டு மெமிங்கன் நகரில் கூடிய அவர்களின் சார்பாளர்கள், ‘பன்னிரண்டு கோரிக்கைகள்’ என்னும் அறிக்கையை வெளியிட்டனர். காட்டில் விறகெடுக்கும் உரிமை, ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமை, முறையற்ற வரிகளிலிருந்து விடுதலை முதலியன அதில் இடம்பெற்றன. மூன்றாவது கோரிக்கை அடிமைநிலையை மறுத்தது. இறைமகன் தம் குருதியால் ஆட்டிடையரையும் அரசரையும் ஒன்றுபோல மீட்டார் எனில், ஒருவர் இன்னொருவருக்கு உடைமையாவது எப்படி என்று அது வினவியது. கல்லறைச் சுவரில் எழுதப்பட்ட அதே கருத்துத்தான் இது. ஆனால், இப்போது அதைச் சொன்னவர்கள் பிணங்கள் அல்லர். கையில் அரிவாளும் கவைக்கோலும் ஏந்திய உயிருள்ள மனிதர்கள். நிலக்கிழார்களின் படைகள் அவ்வாண்டிலேயே கிளர்ச்சியை நசுக்கின. கொல்லப்பட்டோர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

நியூரம்பர்க் நகரின் பேரோவியர் ஆல்பிரெக்ட் டியூரர், அதே 1525ஆம் ஆண்டில் அளவைக் கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ஓவியர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் வடிவியலைக் கற்பிக்கும் அந்நூலில், எதிர்பாராத வகையில் ஒரு நினைவுத்தூணின் வரைபடம் உள்ளது. கிளர்ந்தெழுந்த உழவரை வென்றவர் வெற்றித்தூண் எழுப்ப விரும்பினால் இப்படி எழுப்பலாம் என்பது அதற்குரிய விளக்கம். அடித்தளத்தில் மாடுகளும் ஆடுகளும் பன்றிகளும் கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றின் மேலே பாலாடைக்கட்டி, முட்டை, வெங்காயம் நிறைந்த கூடைகள். அதற்கு மேல் தானியப் பெட்டி, பானை, வெண்ணெய்ச் சாடி, பால்குடம், மண்வெட்டியும் கவைக்கோலும் சேர்த்துக் கட்டிய கதிர்க்கட்டு, கோழிக்கூண்டு. எல்லாவற்றிற்கும் உச்சியில், கன்னத்தில் கைவைத்து ஓர் உழவர் குனிந்து அமர்ந்திருக்கிறார். அவர் முதுகில் ஒரு வாள் பாய்ந்திருக்கிறது.

டியூரர் உழவரை ஏளனம் செய்கிறாரா, வென்றவரை ஏளனம் செய்கிறாரா என்னும் வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை. படத்தில் உள்ள இரண்டு செய்திகள் வழக்கை உழவர் பக்கம் சாய்க்கின்றன. வாள் மார்பில் அன்று, முதுகில் பாய்ந்துள்ளது. அமர்ந்திருப்பவரை முதுகில் குத்துவது வெற்றிக்கு அழகன்று. இரண்டாவது, கன்னத்தில் கைவைத்துக் குனிந்திருக்கும் அந்த இருக்கை, துயருற்ற கிறித்துவைக் காட்டுவதற்கு அக்கால ஓவியர்கள் பயன்படுத்திய இருக்கையாகும். டியூரரே 1511ஆம் ஆண்டு தம் நூலொன்றின் முகப்பில் கிறித்துவை அவ்வாறு வரைந்திருக்கிறார். கொல்லப்பட்ட உழவருக்கு இறைமகனின் உடல்மொழியை அளித்தவர் அதைத் தற்செயலாகச் செய்திருப்பார் என்று கொள்வது கடினம். அத்தூண் எங்கும் எழுப்பப்படவில்லை.

ஒரே கத்தி

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்னர் அந்நாட்டில் சாவிலும் சமத்துவம் இருந்ததில்லை. மரண தண்டனை பெற்ற உயர்குடியினருக்குத் தலை வெட்டப்பட்டது, எளியவர்கள் தூக்கிலிடப்பட்டனர், சிலர் சக்கரத்தில் கட்டப்பட்டு எலும்புகள் நொறுக்கப்பட்டனர். 1789ஆம் ஆண்டு கில்லட்டின் என்னும் மருத்துவர், ஒரே குற்றத்திற்கு ஒரே தண்டனை, அது பிறப்பைப் பொறுத்து மாறலாகாது என்று அவையில் முன்மொழிந்தார். வலியை நீட்டிக்காத கருவி ஒன்றால் அனைவர் தலையும் வெட்டப்பட வேண்டும் என்பதும் அவருடைய முன்மொழிவு. 1792ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்கருவி முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. 1793ஆம் ஆண்டு ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயி மன்னரின் தலையும் அதே கருவியால் வெட்டப்பட்டது. கல்லறைச் சுவர் அறிவுரையாகச் சொன்னதை இப்போது சட்டம் நிறைவேற்றத் தொடங்கியது.

மன்னருக்கு மரண தண்டனை அளிக்க வாக்களித்த உறுப்பினர்களுள் ஓவியர் ழாக் லூயி டாவீத்தும் ஒருவர். அவ்வாண்டு அக்டோபரில் அரசி மரி அந்துவானெத்து கொலைக்களத்திற்கு வண்டியில் கொண்டுசெல்லப்பட்டபோது, வழியில் அவரைக் கண்டு டாவீத் பேனாவால் வரைந்த சிறு கோட்டுப்படம் இன்றும் உள்ளது. கத்தரிக்கப்பட்ட முடி, பின்னால் கட்டப்பட்ட கைகள், இறுகிய உதடு, நிமிர்ந்த முதுகு. சில கோடுகளே உள்ளன. பட்டாடையிலும் அணிகலன்களிலும் எத்தனையோ முறை தீட்டப்பட்ட அரசி, இப்படத்தில் களைத்துப்போன நடுவயதுப் பெண்ணாக மட்டுமே இருக்கிறார். வரைந்தவருக்கு அவர்மேல் இரக்கம் இருந்ததாகத் தெரியவில்லை; ஆனால், கண் பொய் சொல்லவில்லை. அதே கை, அதே காலத்தில், இன்னொரு சாவை வரைந்தபோது வேறு வழியை மேற்கொண்டது.

நீர்த்தொட்டியில் ஒருவர்

ழான் பால் மாரா ஒரு மருத்துவர், பின்னர் இதழாளர். ‘மக்களின் நண்பன்’ என்னும் அவருடைய இதழ், பாரிசின் ஏழை எளியோரிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. கடும் தோல்நோயால் துன்புற்ற அவர், மருந்து கலந்த நீர்த்தொட்டியில் அமர்ந்தபடியே எழுதுவார். 1793ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, கான் நகரிலிருந்து வந்த ஷார்லெட் கோர்டே என்னும் 24 வயதுப் பெண், சதிகாரர்களின் பெயர்களைத் தருவதாகச் சொல்லி அவரது அறைக்குள் சென்று, கத்தியால் மார்பில் குத்திக் கொன்றார். நான்கு நாள்களில் கோர்டேயும் கில்லட்டினுக்கு இரையானார்.

மாராவும் டாவீத்தும் ஒரே அரசியல் அணியினர்; நண்பர்கள். இறப்பதற்கு முந்தைய நாள்தான் டாவீத் அவரை இல்லத்தில் கண்டு திரும்பியிருந்தார். இறுதி ஊர்வலத்தை ஒழுங்கமைக்கும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. நீர்த்தொட்டியில் எழுதிக்கொண்டிருந்த நிலையிலேயே உடலை மக்களுக்குக் காட்ட அவர் விரும்பினார். கோடை வெப்பத்தில் உடல் விரைந்து சிதைந்ததால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. உடலால் இயலாததை ஓவியத்தால் செய்ய அவர் முனைந்தார். சில மாதங்களில் ஓவியம் முடிந்தது. நவம்பரில் தேசிய மாநாடு என்னும் மக்கள் அவையில் அது ஒப்படைக்கப்பட்டது.

165 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த ஓவியத்தின் மேற்பாதியில் ஒன்றுமே இல்லை. இருளும் மங்கிய ஒளியும் கலந்த வெற்றுச் சுவர். கீழ்ப்பாதியில் நீர்த்தொட்டி, அதன் விளிம்பில் சாய்ந்த தலை, வெள்ளைத் துணி சுற்றிய நெற்றி, தொட்டிக்கு வெளியே தொங்கும் வலக்கை. அக்கை இன்னும் இறகுப்பேனாவை விடவில்லை. இடக்கையில் கோர்டேயின் கடிதம். தரையில் குருதி தோய்ந்த கத்தி. பக்கத்தில் எழுதுமேசையாகப் பயன்பட்ட மரப்பெட்டி; அதன்மேல் மைக்கூடும், ஒரு பணத்தாளும், அதை ஐந்து குழந்தைகளோடு கணவரை இழந்த ஒரு தாய்க்குக் கொடுக்கும்படி சொல்லும் குறிப்பும் உள்ளன. பெட்டியின் முகப்பில் கல்வெட்டுப் போல டாவீத் தம் பெயரையும் நண்பர் பெயரையும் பொறித்திருக்கிறார்.

இந்த உடலை ஐரோப்பியர் முன்பே பார்த்திருக்கின்றனர். சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட கிறித்துவின் சாய்ந்த தலையும் தொங்கும் கையும் மார்புப் புண்ணும் தேவாலயங்களில் அவர்கள் தொழுதவை. சமயச் சின்னங்களை அகற்றிக்கொண்டிருந்த புரட்சி அரசு, தன் தியாகிக்குச் சமயத்தின் உடல்மொழியையே கடன் வாங்கியது. டியூரரின் உழவருக்கு அது கமுக்கமாகக் கிடைத்தது. மாராவுக்கு வெளிப்படையாகக் கிடைத்தது.

ஓவியத்தில் இல்லாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாராவின் தோல்நோயின் தழும்பு ஒன்றுகூட அந்த வழுவழுப்பான உடலில் இல்லை. சுவரில் இருந்த அலங்காரங்கள் இல்லை. கொன்றவர் இல்லை, அவர் எழுதிய கடிதம் மட்டும் பொய்ச்சான்றாகக் கையில் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதன்மையாக, மாரா எழுதியவை இல்லை. ஐந்நூறு அறுநூறு தலைகள் வெட்டப்பட்டிருந்தால் நாட்டுக்கு அமைதி கிடைத்திருக்கும் என்று 1790ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். 1792ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரிசுச் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அதை ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். பசித்தவர்களின் பக்கம் நின்ற இதழாளரும், கொலைகளைத் தூண்டிய இதழாளரும் ஒருவரே. டாவீத் முதலாமவரை வரைந்தார். இரண்டாமவரின் பேனாவை அவர் கையிலேயே விட்டுவைத்து, அதிலிருந்து ஒரு தாய்க்கு எழுதப்பட்ட உதவிக்குறிப்பை மட்டும் வெளிப்படுத்தினார்.

அரசியல் ஓவியங்களுள் இதற்கு இணையானது அரிது. அதனால்தான் இதன்முன் நிற்பவர் விழிப்போடு நிற்க வேண்டியுள்ளது. அழகு இங்கே வழக்குரைஞராகப் பணியாற்றுகிறது.

ஓவியத்தின் பின்வரலாறும் அறியத்தக்கது. 1794ஆம் ஆண்டு ஜூலையில் ரோபஸ்பியர் வீழ்ந்தார். டாவீத் சிறை சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் நாட்டின் பெருமக்களுக்குரிய பாந்தியோன் நினைவிடத்தில் வைக்கப்பட்ட மாராவின் உடல், சில மாதங்களிலேயே அங்கிருந்து அகற்றப்பட்டது. அவையில் தொங்கிய ஓவியம் 1795ஆம் ஆண்டு ஓவியரிடமே திரும்பியது. முடியாட்சி மீண்டபின் நாடு கடந்து வாழ்ந்த டாவீத், 1825ஆம் ஆண்டு பிரசல்சு நகரில் இறந்தார். மறைத்து வைக்கப்பட்டிருந்த ஓவியம், அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நகரின் அரச அருங்காட்சியகத்தை அடைந்தது. இதற்கிடையே 1860ஆம் ஆண்டு பால் போத்ரி என்னும் ஓவியர் அதே அறையை மீண்டும் வரைந்தார். அவருடைய ஓவியத்தில் கோர்டே பிரெஞ்சு நாட்டு வரைபடத்தின் முன் வெளிச்சத்தில் நிமிர்ந்து நிற்கிறார். மாரா ஓர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறார். கொலை ஒன்றே, தியாகி மாறிவிட்டார்.

டாவீத்தின் மாணவர் ழிரோதே 1797ஆம் ஆண்டு வரைந்த ஓர் உருவப்படத்தை இங்கு நினைவுகூர்வது தகும். கரீபியத் தீவான சான் தொமிங்கோவில் அடிமையாக வாழ்ந்து, பின் விடுதலை பெற்று, அத்தீவின் சார்பில் பாரிசு அவையில் அமர்ந்த ழான் பத்தீஸ்து பெல்லே என்னும் கறுப்பினத்தவரின் படம் அது. அவர் அவைக்கு வந்த மறுநாள், 1794ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று, பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. உறுப்பினருக்குரிய உடையில், அடிமைமுறையைக் கண்டித்த ரெய்னால் என்னும் எழுத்தாளரின் மார்பளவுச் சிலைமீது சாய்ந்து, அவர் தொலைவை நோக்கி நிற்கிறார். சாவின் துணையின்றி, உயிருள்ள மனிதர் ஒருவரைக் கொண்டே சமத்துவத்தை வரைந்த ஓவியம் இது. 1802ஆம் ஆண்டு நெப்போலியன் அடிமைமுறையை மீட்டார். பெல்லே 1805ஆம் ஆண்டு காவலில் இறந்தார்.

சுடுபவரின் முதுகு

1808ஆம் ஆண்டு மே மாதம் நெப்போலியனின் படைகளை எதிர்த்து எழுந்த மத்ரீது நகரத்தார், மறுநாள் கும்பல் கும்பலாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிரான்சிஸ்கோ கோயா 1814ஆம் ஆண்டு அதை வரைந்தபோது, சுடும் வீரர்களின் முகங்களைக் காட்டவில்லை; ஒரே அச்சில் வார்த்த முதுகுகளையே காட்டினார். எதிரே விளக்கொளியில் வெள்ளைச் சட்டை அணிந்த பெயரறியாத உழைப்பாளி கைகளை விரித்து நிற்கிறார். டாவீத் ஒரு தலைவருக்கு அளித்த இடத்தை, கோயா யாரென்றே தெரியாத ஒருவருக்கு அளித்தார்.

வாழ்வோர் இறந்தவருக்கு

கேத்தே கோல்விட்ஸ் 1867ஆம் ஆண்டு பிறந்த செருமானியக் கலைஞர். அவருடைய கணவர் பெர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவராகப் பணியாற்றினார். மருந்தகத்திற்கு வந்த பெண்களின் முகங்களையும் கைகளையும் பார்த்துப் பார்த்தே கோல்விட்ஸின் கலை உருவாயிற்று. 1844ஆம் ஆண்டின் சிலேசிய நெசவாளர் எழுச்சியைப் பொருளாகக் கொண்ட அவருடைய ஆறு படங்கள் 1898ஆம் ஆண்டு காட்சிக்கு வைக்கப்பட்டன. தேர்வுக்குழு அவற்றுக்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லெம் அதை ஏற்க மறுத்தார். அவ்வரிசையின் இரண்டாவது படத்தில், நெசவாளரின் இருண்ட குடிசைக்குள் எலும்புக்கூடாகச் சாவு நுழைந்து, அயர்ந்து சாய்ந்திருக்கும் தாயை நோக்கிக் கை நீட்டுகிறது. குழந்தை விழித்திருக்கிறது. இந்தச் சாவு போப்பாண்டவரையும் பேரரசரையும் பார்த்துவிட்டு வரிசைப்படி வந்ததன்று. இது பசியைத் தொடர்ந்து வந்தது. சாவு எல்லோருக்கும் வரும். எல்லோருக்கும் ஒரே வயதில் வருவதில்லை. பழைய கல்லறைச் சுவர் சொல்லாமல் விட்டது இதுவே.

பின்னர் 1525ஆம் ஆண்டின் உழவர் போரை ஏழு படங்களாக அவர் செதுக்கினார். அவற்றுள் ஒன்றில், கைகளை உயர்த்தி உழவர்களை ஏவும் முதிய பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். கோயாவின் வீரர்களின் முதுகுகள் முகமின்மையைக் காட்டின. இப்பெண்ணின் முதுகோ, பார்ப்பவரையும் அக்கூட்டத்தில் ஒருவராக்குகிறது.

1919ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று, பெர்லினில் கார்ல் லீப்க்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் படையினரால் கொல்லப்பட்டனர். முதல் உலகப்போருக்குக் கடன் ஒதுக்கும் தீர்மானத்தை 1914ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தன்னந்தனியாக எதிர்த்து வாக்களித்தவர் லீப்க்னெக்ட். அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால், ஜனவரி 25 அன்று பிணவறைக்குச் சென்று கோல்விட்ஸ் அவரை வரைந்தார். சுடப்பட்ட நெற்றியைச் சுற்றிச் சிவப்பு மலர்கள் வைக்கப்பட்டிருந்தன.

கோல்விட்ஸ் லீப்க்னெக்டின் கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய அரசியலை ஏற்றவரும் அல்லர். அரசியலில் தொடராவிட்டாலும், தொழிலாளர் அவருக்கு விடைகொடுப்பதை வரையத் தமக்கு உரிமையுண்டு என்று நாட்குறிப்பில் எழுதினார். 1914ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் போர்முனையில் இறந்திருந்தான். அவன் படையில் சேர இசைவு தருமாறு தந்தையிடம் அவனுக்காகப் பேசியவர் தாயேதான். அப்போரை எதிர்த்தவரின் உடலைத்தான் இப்போது அவர் வரைய வேண்டியிருந்தது.

முதலில் செதுக்குத் தகட்டில் முயன்றார், நிறைவு தரவில்லை. கல்லச்சில் முயன்றார், அதுவும் பிடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டு எர்ன்ஸ்ட் பார்லாக் என்னும் சிற்பியின் மரச்செதுக்குப் படங்களைக் கண்டபின், தாமும் மரக்கட்டையை எடுத்தார்.

தெரிந்து தெளிவோம்

மரச்செதுக்கில், வெள்ளையாக வேண்டிய பகுதிகளை உளியால் குடைந்தெடுப்பர். எஞ்சிய மேட்டுப்பகுதி மையை ஏற்றுத் தாளில் கருமையாகப் பதியும். உலோகத் தகட்டுச் செதுக்கில் இது நேர்மாறானது; அமிலம் அரித்த பள்ளங்களில் தங்கும் மையே கோடுகளாகப் பதிகிறது. கல்லச்சு, எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாத இயல்பைப் பயன்படுத்துவது. தகட்டிலும் கல்லிலும் மென்மையான சாயல்களைக் கொண்டுவரலாம். மரத்திலோ கருமையும் வெண்மையுமே முதன்மை. உளி பட்ட இடத்தைத் திருத்துவதும் கடினம்.

படம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரமும் 50 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. கீழே குறுக்காக, வெள்ளைத் துணி போர்த்திய உடல். அதன்மேல் கருமையாகக் குனிந்த தொழிலாளர் கூட்டம். முன்னால் ஒருவர் முதுகு வளைந்து, பெரிய உழைப்புக் கையை இறந்தவரின் மார்பில் வைத்திருக்கிறார். பின்னால் ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார். நெருக்கத்தில் தலையோடு தலை முட்டுகிறது. அடியில் ‘வாழ்வோர் இறந்தவருக்கு’ என்னும் பொருளுடைய சொற்களும் கொலையுண்ட நாளும் செதுக்கப்பட்டுள்ளன. இச்சொற்கள், 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்காலத்தில் பிரைலிக்ராத் எழுதிய ‘இறந்தவர் வாழ்வோருக்கு’ என்னும் கவிதையின் தலைப்பைத் திருப்பிப் போட்டவை. கவிதையில் இறந்தவர்கள் பேசினர். படத்தில் வாழ்வோர் பேசாமல் நிற்கின்றனர்.

இதிலும் கிறித்துவின் உடலைச் சூழ்ந்து அழும் பழைய ஓவியங்களின் சாயல் உண்டு. ஆயினும், டாவீத் வெறுமையாக விட்ட மேற்பாதியை கோல்விட்ஸ் மனிதர்களால் நிரப்பினார். மாராவின் அறையில் அழுவதற்கு ஒருவரும் இல்லை. அவரைத் தனியே கண்டு வணங்குவதே பார்ப்பவரின் வேலை. இங்கே பார்ப்பவர் உடலின் மறுபக்கத்தில், துயருறுவோரை நேருக்கு நேராகக் காணும் இடத்தில் நிறுத்தப்படுகிறார். லீப்க்னெக்டின் கொள்கை சரியா, தவறா என்பதற்குப் படம் விடை சொல்லவில்லை. அவர் இறந்ததால் யாருடைய கைகள் நடுங்கின என்பதை மட்டும் சொல்கிறது. டாவீத்தின் ஓவியத்தை நம்புவதற்கு மாராவை நம்பியாக வேண்டும். கோல்விட்ஸின் படத்தை நம்புவதற்கு லீப்க்னெக்டை நம்ப வேண்டிய தேவையில்லை. ஓவியம் என்ற முறையில் டாவீத்தின் படைப்பே வல்லது என்பாரும் உளர். சான்று என்ற முறையில் இம்மரச்செதுக்கே நேர்மையானது.

லீப்க்னெக்ட், லக்சம்பர்க் ஆகியோருக்காக 1926ஆம் ஆண்டு பெர்லின் கல்லறைத் தோட்டத்தில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ செங்கல்லால் ஒரு நினைவுச்சுவரை எழுப்பினார். 1935ஆம் ஆண்டு நாஜி அரசு அதை இடித்தது. கோல்விட்ஸ் அதற்கு ஈராண்டு முன்பே பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். 1919ஆம் ஆண்டு அக்கழகம் ஏற்றுக்கொண்ட பெண் கலைஞர் அவர். சுவரை இடிக்கலாம், பல படிகளாக அச்சிடப்பட்டு வீடுகளுக்குள் சென்றுவிட்ட தாளை எங்கே போய்த் தேடுவது?

அந்த ஆண்டுகளில், பணியும் காட்சியிடமும் இழந்து, தம் எழுபதாம் அகவையை நெருங்கிய நிலையில், கோல்விட்ஸ் சாவைப் பற்றி எட்டுக் கல்லச்சுப் படங்களை உருவாக்கினார். கடைசிப் படத்தின் பெயர் ‘சாவின் அழைப்பு’. அதில் எலும்புக்கூடு இல்லை. ஆட்டமும் வரிசையும் இல்லை. களைத்த முதிய பெண் ஒருவர் அமர்ந்திருக்கிறார். சட்டத்திற்கு வெளியிலிருந்து நீளும் ஒரு கை அவருடைய தோளை மெல்லத் தொடுகிறது. அப்பெண்ணின் முகம் கோல்விட்ஸின் முகம்.